சனிக்கிழமைக் கட்டத்தில் எழுதிய பௌர்ணமி

கூலாய்,
17 செப்டம்பர், புதன் இரவு

அன்பு மகள் லோஷினிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நலம். நீ நலம் என்பதை ஞாயிறுதோறும் அப்பாவின் போனுக்கு வரும் “ஓகே பா” என்ற இரண்டு சொல்லில் தெரிந்துகொள்கிறேன். என் நம்பரை நீ தடுத்து வைத்து இன்றோடு நாற்பது நாள். எண்ணுவது எனக்குப் பழகிப்போய்விட்டது, பார்.

வீட்டில் வைஃபை இருக்கும்போது இவள் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாளே என்று சிரிக்காதே. அப்பா போனிலிருந்து அனுப்பினால் மேலே இரண்டு வரி பார்த்துவிட்டு மூடிவிடுவாய். ஸ்டாம்ப் ஒட்டி ஸ்காட்லாந்து வரைக்கும் வந்த காகிதத்தை யாரும் பாதியில் மூட மாட்டார்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தவள் நீ. என் கையெழுத்து புரியாவிட்டால் வாய்விட்டுப் படி, புரிந்துவிடும். கூடவே ஒரு சின்னக் கவர் இருக்கிறது. அதைக் கடிதம் முடிந்த பிறகு பிரி. ஏற்கெனவே பிரித்திருப்பாய் என்பது எனக்குத் தெரியும். பரவாயில்லை.

முதலில் வீட்டு விஷயம். புரட்டாசி பிறந்துவிட்டது, அப்பா இன்று முதல் சைவம். முதல் நாளே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேனைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். ஃபேக்டரி ஆட்களை ஏற்றி இறக்கும் வேலைதான் இன்னும். செல்லம் அத்தை என்னோடு பேசுவதில்லை. அதற்கும் காரணம் நீதான், பின்னால் சொல்கிறேன். என் முட்டி பரவாயில்லை. இந்த ஒரு வரியை நீ நம்ப மாட்டாய், அதையும் பின்னால் சொல்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைக்கத் தெரியாதவள் நான், ஆனாலும் மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை நீ போனில் பேசியதில் ஒரு சொல்லும் எனக்கு மறக்கவில்லை. தோட்டத்துப் பம்ப் ஹவுஸ் பக்கம் ஜனவரியிலிருந்து ஜூலை வரை நான் எண்ணி அனுப்பிய ஏழு மாதக் கணக்கிலும், ராத்திரியில் மரத்தைத் தட்டுகிற மாதிரி கத்தும் டொக்டொக் குருவி பத்து நிமிடத்துக்கு இருபத்தெட்டு, முப்பத்தொன்று, இருபத்தாறு தடவை தட்டியிருக்கிறது. ஒரே மூச்சில் எத்தனை தட்டு தட்டினாலும் அது ஒன்று என்று நீ சொல்லிக்கொடுத்தபடிதான் எண்ணினேன். நீ தாளில் இருந்த அந்த ஏழு சனிக்கிழமைத் தேதியையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாய். ஏழும் அமாவாசையை ஒட்டிய இருட்டு நாட்கள். இந்த ஜாதிப் பறவை நிலவு இருந்தால்தான் அதிகம் கத்தும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, கூலாயில் மட்டும் இருட்டில் கத்துகிறது, இது புதுசு என்று உன் பேராசிரியர் முன்னால் படம் போட்டுக் காட்டினாய். அதற்குப் பிறகு நான் தபாலில் அனுப்பிய கார்டு வந்து சேர்ந்தது. டிசம்பர் லீவில் நீ பம்ப் ஹவுஸ் மரத்தில் கட்டிவிட்டுப் போனாயே, மாதக் கடைசிச் சனிக்கிழமை மட்டும் தானாக விழித்துச் சத்தத்தைப் பிடிக்கும் ரெக்கார்டர், அதன் கார்டு. அதைப் போட்டுக் கேட்டால் ஏழு சனிக்கிழமையும் தவளைச் சத்தம்தான். பறவை ஒரு மாதம் மூன்று, ஒரு மாதம் இரண்டு, ஒரு மாதம் ஒன்றுமே இல்லை.

பேராசிரியர் உன்னைப் பார்த்த பார்வையைச் சொன்னாய். இதைச் சரி செய்யாவிட்டால் கூலாய்க் கணக்கு முழுவதையும் தூக்கிவிட வேண்டும், ஆய்வில் ஒரு வருடம் வீண் என்று அவர் சொன்னதையும் சொன்னாய். அதற்குப் பிறகு கேட்டாய்.

“அம்மா, நீங்க போகவே இல்லல்ல? வீட்ல உக்காந்து எழுதிட்டீங்கல்ல?”

நான் என்ன சொன்னேன் என்பது உனக்கும் மறந்திருக்காது. பெத்தவளைப் பொய்க்காரி என்கிறாயா, போனை வை என்றேன். நீ வைக்கவில்லை. நான்தான் வைத்தேன். மறுநாள் கூப்பிட்டால் அழைப்பே போகவில்லை.

இப்போது சொல்கிறேன், கேள். நான் போனேன் லோஷினி. ஏழு மாதமும் போனேன். மழையில் குடை பிடித்துக்கொண்டு ஒரு தடவை, காய்ச்சலோடு ஒரு தடவை. அந்த எண்ணில் ஒன்றுகூட நான் கற்பனை செய்தது இல்லை. ஆனால் சனிக்கிழமை போகவில்லை.

சனிக்கிழமை எனக்கு ஃபேக்டரியில் பன்னிரண்டு மணி நேர ஓவர்டைம். இனிமேல் சனிக்கிழமை நிற்க மாட்டேன் என்று டிசம்பரில் கிளினிக்கில் உன் கையைப் பிடித்துச் சொன்னேனே, அந்த ஓவர்டைம்தான். டாக்டர் முட்டியின் எக்ஸ்ரேயைக் காட்டியபோது உனக்குக் கண் கலங்கியது. அதைப் பார்த்துத்தான் சொன்னேன், மனதாரத்தான் சொன்னேன். ஜனவரியில் செனாய் ஃபேக்டரியில் புது லைன் திறந்தார்கள், பாகங்களைச் சோதிக்கும் கியூசி வேலைக்கு ஆள் பற்றவில்லை, கூப்பிட்டார்கள், போனேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு அந்த வேலை பிடிக்கும், ஒரு பாகத்தைப் பார்த்ததும் இது ஆகாது என்று சொல்லும் கண் எனக்கு இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு வீட்டில் சும்மா உட்கார மனம் வரவில்லை. இதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

அப்புறம் எப்போது எண்ணுவது? பௌர்ணமிக்குத் தோட்டத்துக் கோயிலுக்கு எப்படியும் போகிறோம். எட்டு மணிக்குப் பூசை முடியும். அங்கிருந்து பம்ப் ஹவுஸ் வேனில் இரண்டு நிமிடம். அர்ச்சனைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டே எண்ணலாம். அப்பாவும் வந்தால் ஒரு பந்தயம் வைக்கலாம், அடுத்த மூச்சில் எத்தனை தட்டு தட்டும் என்று. தோட்டத்தில் அந்தக் காலத்திலேயே ஆம்பளைகள் அதை வைத்துப் பந்தயம் கட்டுவார்கள். எங்கள் பந்தயம் தேநீர்தான், தோற்றவர் மறுநாள் காலையில் போட வேண்டும். உன் அப்பா இந்த வருடம் நிறையத் தேநீர் போட்டிருக்கிறார். ஆகவே பௌர்ணமியில் எண்ணி, நீ அச்சடித்துக் கொடுத்த தாளில் அந்த மாதத்துச் சனிக்கிழமைக் கட்டத்தில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பினேன்.

பறவை காலண்டரா பார்க்கப்போகிறது என்று நினைத்தேன். பார்க்கிறது போலிருக்கிறது. நம்மைவிட ஒழுங்காகப் பார்க்கிறது.

அந்த வெள்ளிக்கிழமையே இதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நிலவுக்கும் தேதிக்கும் இப்படி ஒரு முடிச்சு இருப்பது எனக்கு அப்போது மண்டையில் ஏறவில்லை. நீ பொய் என்றதும் காது அடைத்துவிட்டது. எண் நிஜம், அது போதும் என்ற திமிர். அந்தத் திமிரை இறக்கி வைத்தது நீ இல்லை, பிரேமலா.

பிரேமலா எங்கள் லைனில் புதிதாகச் சேர்ந்த பெண். மணிக்கு ஒரு தடவை ஐந்து பின்னை எடுத்து நீளம் அளந்து செக் ஷீட்டில் எழுத வேண்டும். இவள் காலையில் விட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபத்தைந்து பின்னை மொத்தமாக அள்ளி அளந்து, எட்டு மணி, ஒன்பது மணி, பத்து மணி என்று பிரித்து எழுதிவைத்திருக்கிறாள். எல்லாம் ஒரே மாதிரி அழகாக இருந்தது, அதனால்தான் பிடித்தேன். காலையில் மெஷின் குளிர்ந்திருக்கும்போது ஒரு அளவு வரும், மத்தியானம் சூடேறியதும் வேறு வரும். சூட்டில் எடுத்ததைக் குளிரில் எடுத்ததாக எழுதினால் அந்தத் தாளுக்கு என்ன மரியாதை? லைனே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அவள் அழாமல், நிதானமாகக் கேட்டாள்.

“அளந்தது நெசம்தானேக்கா? நேரத்த மட்டும்தானே மாத்தி எழுதினேன்?”

கையில் அவளுடைய தாளை வைத்துக்கொண்டு நின்றேன், ஆனால் உன்னுடைய தாள்தான் கண்ணில் தெரிந்தது. அவளுக்கு வார்னிங் எழுத வேண்டும், அது விதி, எழுதினேன்.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக நீ கேட்ட கேள்வியை நானும் கேட்டேன். நிலவு இருந்தால் கத்துகிறது, இல்லாவிட்டால் கத்துவதில்லை, அது உண்மையா? என் எண்ணும் சரி, உன் மெஷினும் சரி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் கண்ணால் பார்க்காததை நான் நம்ப மாட்டேன், உனக்கும் அந்தப் புத்தி என்னிடமிருந்து வந்ததுதான்.

ஆவணி அமாவாசை சனிக்கிழமையில் வந்தது. இந்த வருடத்தில் முதல் தடவையாக ஓவர்டைமுக்கு வரமுடியாது என்று சொல்லிவிட்டு எட்டரை மணிக்குப் பம்ப் ஹவுஸுக்குப் போனேன். அப்பப்பா, என்ன இருட்டு. செம்பனை ஓலை எது, வானம் எது என்று தெரியவில்லை. பத்து நிமிடம் நின்றேன். இரண்டு. இரண்டே இரண்டு தடவை, அதுவும் எங்கோ தூரத்தில், மனசில்லாமல் தட்டியது. உன் மெஷின் பொய் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து உடனே உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதியிருந்தால் அதுவும் தப்பாகப் போயிருக்கும். ஏனென்றால் பம்ப் ஹவுஸ் வாட்ச்மேன் காளிதாஸ் அன்று ஒன்று சொல்லியிருந்தார். ஆகஸ்ட் வந்தால் அது கத்தாது, குஞ்சு பொரித்து முடித்து ஜோடி பிரிந்துவிடும், சீசன் அவ்வளவுதான், நிலவாவது கிலவாவது என்றார். நினைத்துப் பார்த்தேன். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் பௌர்ணமியில் எண்ணியது ஜூலை வரைக்கும், இருட்டில் எண்ணியது ஆகஸ்டில். நிலவும் மாறியிருக்கிறது, மாதமும் மாறியிருக்கிறது. இரண்டில் எது பறவையின் வாயை அடைத்தது? மெஷினையும் மாற்றி, ஆளையும் மாற்றிவிட்டு எதனால் கோளாறு என்று கேட்கிற கதை இது. ஒரே இரவில், ஒரே இடத்தில், அதே பறவைக்கு நிலவை மட்டும் அணைத்துப் பார்க்க முடிந்தால் தெரிந்துவிடும். நிலவை யார் அணைப்பது?

இரண்டு நாள் கழித்துக் கோயில் பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். ஆவணிப் பௌர்ணமி, ஞாயிறு, முழுச் சந்திர கிரகணம், பூசை ஆறு மணிக்கே முடிந்து நடை சாத்தப்படும் என்று. படித்ததும் நான் சிரித்த சிரிப்பில் குருக்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

செல்லம் அத்தை என்னோடு பேசாததற்குக் காரணம் இதுதான். கிரகணத்தில் யாரும் வெளியே போக மாட்டார்கள், சாப்பிட மாட்டார்கள், உனக்கும் தெரியும். நானும் இத்தனை வருடத்தில் ஒரு கிரகணத்துக்கும் வாசலைத் தாண்டியதில்லை. நீ வயிற்றில் இருந்தபோது ஒரு கிரகணம் வந்தது, விடியும்வரை போர்வைக்குள் அசையாமல் கிடந்தேன். இப்போது உனக்காகவே வெளியே போகிறேன் என்று சொன்னால் அத்தைக்கு எப்படிப் புரியும்? உன் பெண்டாட்டிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா, நீயாவது சொல்லக் கூடாதா என்று அப்பாவைப் போனில் பிடித்துக்கொண்டார். அப்பா, சொன்னால் கேட்கிற ஆளா அக்கா என்று கூறிவிட்டு வேன் சாவியை எடுத்தார். உன் அப்பாவுக்குப் பேச்சு குறைவு, ஆனால் சாவியைச் சரியான நேரத்தில் எடுப்பார்.

இனி நான் எழுதுவதைக் கவனமாகப் படி. நேரத்தோடு எழுதுகிறேன், இந்த முறை அந்தந்த நேரத்தில் அங்கேயே நின்று எழுதியது.

பதினொன்று நாற்பதுக்கு முதல் பத்து நிமிடம். வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை. நிலவு பட்டு செம்மண் பாதை வெளுத்துக் கிடந்தது. இருபத்தொன்பது. சீசன் முடிந்ததாம் காளிதாஸுக்கு! அன்று முதல் தடவையாக அது எப்படிச் சாப்பிடுகிறது என்றும் பார்த்தேன். பாதையில் ஒரு காய்ந்த ஓலைத் துண்டு மாதிரி உட்கார்ந்திருக்கும். தலையை அண்ணாந்து வானத்தைப் பார்க்கும். வெளிச்சத்தின் குறுக்கே ஒரு பூச்சி போனால் சட்டென்று எழும்பிப் பிடித்துக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பி வந்து உட்காரும். இதற்குக் கண்தான் எல்லாம் என்று அப்போது புரிந்தது. இருட்டில் பூச்சி தெரியாதே, பாவம், பட்டினிதானே கிடக்கும்.

பன்னிரண்டரைக்கு நிலவின் ஓரம் கறுத்தது. பறவைகள் சட்டை செய்யவில்லை. பன்னிரண்டே முக்காலுக்கு இருபத்துநான்கு. ஒன்று பத்துக்கு வெறும் கீற்றுதான் பாக்கி, ஒன்பது. ஒன்றரைக்கு நிலவு முழுக்க மறைந்து பழைய செம்புக் குடத்தின் நிறத்தில் தொங்கியது. கண்ணுக்கு முன்னால் பாதையே காணாமல் போனது. ஒன்று நாற்பதிலிருந்து பத்து நிமிடம் எண்ணினேன். ஒன்றும் இல்லை. தவளை கத்துகிறது, பம்ப் ஓடுகிறது, அப்பா கொட்டாவி விடுகிறார், பறவை மட்டும் வாய் திறக்கவில்லை. இரண்டு மணிக்கு மறுபடி எண்ணினேன். பூஜ்யம். இந்தக் கையால் பூஜ்யம் எழுதி இவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. நிலவுதான் லோஷினி. மாதம் இல்லை, சீசன் இல்லை. நிலவுதான்.

அப்பாவுக்குக் குளிர் எடுத்துவிட்டது. எல்லாம் பறந்துபோய்விட்டது, நாமும் போகலாம் என்றார். எனக்கு அது உறுத்தியது. பறந்து போயிருந்தால் சத்தம் கேட்டிருக்குமே? வேன் விளக்கைப் போடச் சொன்னேன்.

போட்டார். பாதை நெடுகச் சிவப்புப் பொட்டுகள். ஜோடி ஜோடியாக, தரையோடு தரையாக, எங்களைப் பார்த்தபடி. பதினான்கு ஜோடிக் கண்கள் எண்ணினேன். ஒன்றும் எங்கேயும் போகவில்லை. அத்தனையும் அதே இடத்தில், நாங்கள் நின்றதிலிருந்து பத்தடி இருபதடியில், சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தன. அரை மணி நேரமாக யாருமே இல்லை என்று நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை, சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பாதையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“பாத்தியா தனம், எல்லாம் இங்கதான் இருக்கு. வெளிச்சம் வந்தா பேசும் லா.”

பேட்டரி இறங்கிவிடும், பேசாமல் ஓட்டுங்கள் என்றேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இது எனக்கு விளங்கவில்லை, நீதான் சொல்ல வேண்டும். அந்த இருட்டிலேயே மெதுவாக வேனை உருட்டிக்கொண்டு கோயில் வரை போனோம். நடை சாத்தியிருந்தது, ஆனால் வாசல் விளக்குக் கம்பம் எரிந்தது. நிலவு இன்னும் செம்பு நிறத்தில்தான். அங்கே, கம்பத்தடியில் ஒரே ஒரு பறவை ஜோராகத் தட்டிக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் பதினொன்று. கிரகணம் என்று ஒன்று நடப்பதே அதற்குத் தெரியவில்லை. விளக்கை அது நிலவென்று நம்பிவிட்டதா? இல்லை, விளக்கடியில் பூச்சி எப்போதும் கிடைப்பதால் இனி நிலவே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டதா? அப்படியென்றால் செனாய் ஃபேக்டரி வெளிச்சம் வானத்தில் மஞ்சளாகத் தெரிகிறதே, அதை மற்றவை ஏன் நம்பவில்லை? ஒரு வாரமாக லைனில் நின்றுகொண்டு இதையேதான் யோசிக்கிறேன். கூலாயில் இருட்டிலும் கத்தும் என்று நீ உன் பேராசிரியரிடம் சொன்னாயே, அது ஒரு பறவை அளவுக்கு உண்மைதான்.

பிறகு பம்ப் ஹவுஸுக்கே திரும்பினோம். மூன்றே காலுக்கு நிலவின் ஓரத்தில் வெள்ளை வந்திருந்தது, ஆறு. நான்கு மணிக்கு முழு நிலவு, இருபத்தேழு. வீட்டுக்குப் போய்ப் பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளித்துவிட்டு, காலையில் எமர்ஜென்சி லீவு சொன்னேன். காரணம் கேட்டார்கள். குடும்ப விஷயம் என்றேன், அது பொய் இல்லை.

இப்போது கவரைப் பிரி. அதில் ஆறு அர்ச்சனை ரசீது இருக்கிறது, தேதி முத்திரையோடு. அந்த ஆறு நாளும்தான் நான் எண்ணிய நாட்கள், எட்டரையிலிருந்து எட்டு நாற்பது வரை. எந்த எண் எந்த ரசீதுக்கு என்று பின்புறம் எழுதியிருக்கிறேன். சித்ரா பௌர்ணமிக்கு ரசீது இல்லை, அன்று அன்னதானக் கூட்டத்தில் வாங்கவில்லை. அந்த மாதத்தைச் சேர்க்காதே. நான் போனது எனக்குத் தெரியும், ஆனால் சாட்சி இல்லாத எண்ணை இனி நான் யாரிடமும் தர மாட்டேன்.

ரசீதுக்கு அடியில் ஆங்கிலத்தில் ஒரு தாள் இருக்கும். ஃபேக்டரியில் தப்பு நடந்தால் எழுதுவோமே, என்ன நடந்தது, ஏன் நடந்தது, எப்படிச் சரி செய்தோம் என்று, அதே முறையில் எழுதியிருக்கிறேன். கிரகணத்துக் கணக்கும் அதில் இருக்கிறது. செய்தவர் என்ற இடத்தில் என் பெயர், என் கையெழுத்து. உன் பேராசிரியரிடம் கொடு. ஆங்கிலத்தைத் திருத்தாதே, அப்படியே கொடு. தப்பு உன்னுடையது இல்லை என்று அவருக்கு என் வாயால் தெரிய வேண்டும். உன் அம்மா எண்ணத் தெரியாதவள் இல்லை என்பதும் தெரிய வேண்டும், அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சனிக்கிழமை ஓவர்டைமை நிறுத்திவிட்டேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று. இதற்கும் ரசீது வேண்டுமென்றால் அப்பாவைக் கேள், வாரம் முழுக்க வீட்டில் என் வாயைக் கேட்கிறவர் அவர்தான்.

நீ என்னைத் திட்டலாம். திட்ட வேண்டியதுதான். எண்ணை நிஜமாகக் கொடுத்துவிட்டு நாளைப் பொய்யாகக் கொடுத்தவளை யார் நம்புவார்கள்? ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்தப் பத்து நிமிடம் மாதாமாதம் எனக்கு எதற்காக இருந்தது என்று உனக்குத் தெரியாது. போன் போட்டால் நீ வகுப்பில் இருப்பாய், தூக்கத்தில் இருப்பாய், அவசரத்தில் இருப்பாய். பம்ப் ஹவுஸில் நிற்கும்போது மட்டும் நீ கொடுத்த வேலையை உன்னோடு சேர்ந்து செய்கிற மாதிரி இருக்கும். அதனால்தான் காய்ச்சலிலும் போனேன்.

அடுத்த பௌர்ணமி அக்டோபர் ஆறாம் தேதி, திங்கட்கிழமை. தேதியை நன்றாகப் பார்த்துத்தான் எழுதுகிறேன். இரவு எட்டரைக்குப் பம்ப் ஹவுஸில் நிற்பேன். உனக்கு அப்போது மத்தியானம் ஒன்றரை, சாப்பாட்டு நேரம். என் நம்பரைத் திறந்து வைத்து, நான் கூப்பிடும்போது எடு. பேச வேண்டாம். ஹலோகூட வேண்டாம். நான் போனைப் பாதைப் பக்கம் நீட்டிப் பிடிக்கிறேன். பத்து நிமிடம் நீ அங்கே எண்ணு, நான் இங்கே எண்ணுகிறேன். முடிந்ததும் நீ முதலில் உன் எண்ணைச் சொல், அதற்குப் பிறகு என்னுடையதைச் சொல்கிறேன்.

கண்ணு, ஒருவேளை இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டாலும் போனை வைத்துவிடாதே.

மாரியம்மன் உன்னைக் குளிர் அண்டாமல் காக்கட்டும்.

என்றும் உன்
அம்மா
தனலெட்சுமி சதாசிவம்